நின்றுகொண்டு எழுதிய கடிதம்

என் பெயர் கு. நல்லபெருமாள். தந்தையார் பெயர் குருவையா. எனக்கு வயது அறுபத்தொன்று நிறைந்து எட்டாவது மாதம் நடக்கிறது. நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்றபோதும் இதே வரிசையில்தான் சொன்னேன். வயது மட்டும் அப்போது குறைவு. தாங்கள் என்னிடம் கேட்டது ஒரு பேனா. அதை நான் மறக்கவில்லை. பேனா கேட்டால் பெயரும் வயதும் சொல்லத் தொடங்குகிறாரே என்று தாங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. பேனா இருக்கிறது. இதோ, சட்டைப் பையில்தான் இருக்கிறது. தருகிறேன்.

தங்கள் மடியில் உள்ள தாளைப் படிக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை, கண் படித்துவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய காகிதங்களைப் படித்தே சோறு உண்டவனுடைய கண் அது. 'என் சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அதற்கு அடுத்த வரி, 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி'. அதன் கீழே தங்கள் கையெழுத்துக்காக ஒரு கோடு. திண்டுக்கல்லில் இறங்கியதும் கொடுத்துவிட வேண்டும், அப்படித்தானே? பேருந்து இப்போதுதான் சமயநல்லூரைத் தாண்டுகிறது. முக்கால் மணி நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். ஆகவே கேளுங்கள்.

நான் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் கீப்பராக இருந்தவன். ஆலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. கிளை நூலகத்தில் எனக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. நல்ல வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டால் வீட்டுக்குப் போகும்வரை அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, போனதும் எழுதி வைப்பேன். அப்படிச் சேர்த்த தமிழ் என் தமிழ். ஆலையில் எம்.ஏ. படித்தவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுடைய விடுப்பு விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன்.

எங்கள் ஆலையில் யாரையும் 'போ' என்று சொல்வதில்லை. இதைத் தாங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நான் பணியாற்றிய முப்பத்திரண்டு ஆண்டுகளில் நிர்வாகம் ஒருவரைக்கூட வேலையிலிருந்து நீக்கியதில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். போனவர்கள் அனைவரும் தாமாகவே போனார்கள். அவ்வாறு போனவர்களில் நாற்பது பேருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. போகிறவரை டைம் ஆபீசுக்கு அனுப்புவார்கள். நான் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வேன். தொழிலாளி எவரும் டைம் ஆபீசில் உட்காருவது வழக்கமில்லை. அன்று மட்டும் உட்காருவார். கேன்டீனிலிருந்து ஒரு டீ வரவழைப்பேன். என் சொந்தச் செலவு, ஐயா, நிர்வாகத்தின் செலவன்று. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நான் எழுதி முடித்துவிடுவேன். பிறகு உரக்கப் படித்துக் காட்டுவேன். 'என் சொந்தக் காரணங்களுக்காக, எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனத்தோடும் தெளிந்த அறிவோடும், இப்பணியினின்று விலகிக்கொள்கிறேன்.' கேட்டீர்களா, அந்த 'இப்பணியினின்று'? அந்த இடத்தில் சிலர் அழுததுண்டு. எழுத்துக்கு அத்தனை வலிமை.

பேச்சித்தாய் என்று ஒரு பெண்மணி. வைண்டிங் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் நூலைக் கோனில் சுற்றியவர். பெண்களுக்கு இன்னொரு கழிப்பறை வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு ஒன்பது வாரங்களில் ஒன்பது பிரிவுகளுக்கு அவரை மாற்றினார்கள். ஒன்பதாவது, கழிவுப் பஞ்சுக் கிடங்கு. அவருக்கு இளைப்பு உண்டு. பத்தாவது வாரம் டைம் ஆபீசுக்கு வந்தார். 2016ஆம் ஆண்டு, புரட்டாசி மாதம். அவருக்கு நான் எழுதியது இருபத்தாறு வரி. என் கடிதங்களிலேயே நீளமானது. படித்துக் காட்டியதும் அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா எழுதுறீங்க சார். எங்க வீட்டுச் சாவு ஓலையையும் நீங்களே எழுதிருங்க" என்றார். ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டை நான் அதற்கு முன் பெற்றதில்லை. அன்று மாலையே அந்தக் கடிதத்தை என் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன். நாற்பதையும் அப்படித்தான், தேதியோடு, பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

வாடிப்பட்டி வருகிறது. வண்டி இங்கே ஐந்து நிமிடம் நிற்கும். தாளை மடிக்காதீர்கள், மடித்தால் அந்தக் கோட்டின் மேலேயே மடிப்பு விழும்.

அடுத்த ஆண்டு புதிய ஜி.எம். வந்தார். கிரிதரன் என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், என் மகன் வயது இருக்கும். வந்த மூன்றாம் மாதம் என்னை அறைக்கு அழைத்து, ஒரு கட்டு அச்சடித்த ஃபாரங்களை மேஜையில் வைத்தார்.

"இனிமே நீங்க கையால எழுத வேண்டாம். பேரை மட்டும் ஃபில் பண்ணுங்க. கையெழுத்து வாங்குங்க. ரெண்டு நிமிஷ வேலை."

படித்தேன். தங்கள் கையில் இருப்பதைப் போன்ற ஃபாரந்தான். நாலு வரி. என்னுடைய வாக்கியத்தையே எடுத்து, 'தூண்டுதலும்' போயிற்று, 'தெளிந்த அறிவோடும்' போயிற்று, 'இப்பணியினின்று' என்ற இடத்தில் 'வேலையை விட்டு' என்று இருந்தது.

நான் சொன்னேன்: "ஐயா, போகிறவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை அந்தக் கடிதம் ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டால் எப்படி?"

அவர் சிரித்தார். "மரியாதையா? நல்லபெருமாள் சார், நீங்க எழுதுறது கல்யாணப் பத்திரிகை இல்ல."

"இந்த ஃபாரத்தை நான் நிரப்ப மாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நிர்வாகத்துக்கு எதிராக நான் சொன்ன முதல் சொல் அதுதான். அவர் கோபப்படவில்லை. "சரி, போய் வேலையப் பாருங்க" என்று மிகத் தன்மையாகவே சொன்னார்.

மறுநாள் காலை நான் வாசலில் விரலை வைத்தபோது இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டியது. ஆலையில் எல்லோரும் அந்தக் கருவியில் விரல் பதித்துத்தான் உள்ளே போக வேண்டும். எல்லோருடைய விரலையும் அதில் பதிவு செய்தவனே நான். மறுபடி வைத்தேன். சிவப்பு. செக்யூரிட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "விசிட்டர் புக்குல எழுதிட்டுப் போகச் சொன்னாங்க சார்" என்றார். எழுதினேன். 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று எனக்கு முதன்முறையாகச் சொல் கிடைக்கவில்லை. 'பணி' என்று எழுதினேன்.

அதற்கடுத்த நாள் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். என் மனைவி வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்தார்கள். பின்னால் முதல் ஷிப்ட் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வரிசையில் இருந்தவர்களுடைய தூக்குகளைத் திறக்கச் சொல்லும் சுற்றறிக்கையை எழுதியவன் நான். அது வேறு விஷயம்.

அந்த வாரக் கடைசியில் என் பதிவேடுகள் போயின. அடுத்த செவ்வாய்க்கிழமை என் நாற்காலி போயிற்று. மேஜை இருந்தது. கேட்டேன். "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார்கள். நாற்காலி இல்லாமல், பதிவேடு இல்லாமல், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அந்த அறையில் நின்றேன். பதினோரு வேலை நாட்கள். உள்ளே வருகிற எவரும் என்னோடு பேசக் கூடாது என்று உத்தரவு. சுவரில் சாய்ந்தால், "ஐயா தூங்குறாரு" என்று மேலே தகவல் போகும். ஜன்னல் வழியே பார்த்தால், "ஐயா வேடிக்கை பாக்குறாரு". ஆகவே நேராக நின்றேன். கால் இப்படி வீங்கிவிட்டது. வீட்டில் வென்னீரில் காலை வைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "அங்க என்ன உங்களை நிக்கவா வச்சிருக்காங்க?" நான் வேலை அதிகம் என்றேன்.

யாரிடமாவது புகார் எழுதிக் கொடுத்தீர்களா என்று தாங்கள் கேட்கலாம். பின்னால் என் வக்கீலும் அதைத்தான் கேட்டார். எழுதவில்லை. நாற்பது ராஜினாமா எழுதியிருக்கிறேன். புகார் ஒன்றுகூட எழுதிப் பழக்கமில்லை. அதற்கான வாக்கியம் என்னிடம் இல்லை.

பன்னிரண்டாம் நாள், 2017 நவம்பர் இருபது, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குக் கேன்டீன் வீரணன் ஒரு டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நான் கேட்கவில்லை. வீரணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜி.எம். குடுக்கச் சொன்னாரு" என்றான். பார்த்தீர்களா, எத்தனை மனக்கசப்பு இருந்தாலும் மனிதர் ஒரு டீயை நினைத்து அனுப்புகிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. சர்க்கரை குறைவாகப் போட்டிருந்தார்கள். குடித்தேன். பாதி குடித்திருப்பேன், கிரிதரன் உள்ளே வந்தார். கையில் அந்த ஃபாரம். என் பெயர் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது.

"இல்லேன்னா ஒடிசா யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரெடியா இருக்கு. நாளைக்கு ரிப்போர்ட் பண்ணணும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நாங்க யாரையும் ஃபோர்ஸ் பண்றது இல்ல."

நான் அந்த ஃபாரத்தை அவர் பக்கமே தள்ளினேன். "இதில் நான் கையெழுத்திட மாட்டேன். என் ராஜினாமாவை நானே எழுதுவேன்."

அவர் முகம் எப்படி மாறியது தெரியுமா! கண்கள் விரிந்தன. என் உறுதியைக் கண்டு அசந்துபோனார் என்றே நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை அவரே எடுத்துக் கொடுத்தார், தன் பேனாவையும் கொடுத்தார். நாற்காலி இல்லை. மேஜை தாழ்வு, குனிந்து எழுதக் கால் இடம் தரவில்லை. ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன். முப்பத்தோரு வரி. 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனத்தோடும் தெளிந்த அறிவோடும்.' ஒரு சொல் விடவில்லை. அந்த ஃபாரத்தை நான் வென்றுவிட்டேன் என்ற நிமிர்வோடு வாசலைக் கடந்தேன். செக்யூரிட்டி விசிட்டர் புத்தகத்தில் 'வெளியே சென்ற நேரம்' எழுதச் சொன்னார்.

வழக்கு என்று போனது என் மனைவியால். அவள்தான் மதுரையில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் என்னை அழைத்துப் போனாள். மெஹருன்னிசா என்று பெயர். நான் நடந்த அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே குறிப்பு எடுத்தார்.

"ஐயா, சட்டம் இதுல தெளிவாத்தான் இருக்கு. ராஜினாமாங்கிறது மனுஷன் தானா செய்யணும். இருக்கவே முடியாதபடி எல்லாத்தையும் பண்ணி வச்சிட்டு, 'அவராப் போயிட்டாரு'ன்னு சொன்னா அது ராஜினாமா இல்ல, வேலையை விட்டுத் தூக்கினதுதான். ஆனா மனசு கஷ்டமா இருந்துச்சு, அவமானமா இருந்துச்சுன்னா மட்டும் பத்தாது. வேற வழியே இல்லாம செஞ்சாங்கன்னு நாம காட்டணும். சரி, லெட்டர் காப்பி இருக்கா?"

கொடுத்தேன். படித்தார். முதல் பத்தியைப் படித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். ரசிக்கிறார் என்று எண்ணினேன்.

"என்னய்யா இது? அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட, அவங்க அடிச்சு வச்ச பேப்பர்னு நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். நீங்களே முத்து முத்தா எழுதி, வற்புறுத்தல் இல்ல, தெளிந்த அறிவு இருக்குன்னு சாட்சி குடுத்திருக்கீங்களே! இதை வச்சே அவங்க நம்மளை முடிச்சிருவாங்க."

"அது என் வழக்கமான வாக்கியம், அம்மா. நாற்பது பேருக்கு எழுதியிருக்கிறேன்" என்றேன். நோட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் தமிழை அவர் அறியட்டும் என்று. நீட்டினேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் மெல்ல மெல்ல மாறியது. நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"இவங்க எல்லாரும் தானாப் போனவங்களா?"

நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

"ஐயா, உங்களைக் காப்பாத்துறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நாப்பது பேரும் ஒரே வாக்கியத்தை எழுத முடியாது. அது ஆளோட மனசு இல்ல, ஆலையோட அச்சுன்னு இதை வச்சு நிரூபிக்கலாம். ஆனா இதைக் கோர்ட்டுல வச்சா, முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க. யோசிச்சிட்டு வாங்க. கூட ஒரு சாட்சியும் வேணும். இந்த நாப்பதுல யாராவது ஒருத்தர்."

கொடைரோடு சுங்கச்சாவடி. தாங்கள் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்கிறீர்கள். பயப்படாதீர்கள், பேனாவில் மை இருக்கிறது.

எட்டு மாதங்கள் அந்த நோட்டை நான் அலமாரியை விட்டு எடுக்கவில்லை. அதைக் கொடுத்தால் நாற்பது கடிதமும் பொய் என்று ஆகும். கொடுக்காவிட்டால் நானாகவே போனேன் என்று ஆகும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒருநாளும் தாமதமாகப் போகாதவன், ஓய்வுக்கு இரண்டரை ஆண்டு இருக்கையில் 'சொந்தக் காரணத்துக்காக' ஓடிப்போனான் என்று எழுதிவைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்தே எனக்கு எதிரே நின்றது. வக்கீலம்மா போன் செய்வார். நான் எடுக்க மாட்டேன். கடைசியில் என் மனைவி போனை எடுத்து, "வர்றாரும்மா" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துப் பையில் வைத்துப் பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

பேச்சித்தாயைத் தேடிப் போனேன். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. கையில் மண்வெட்டியோடு நின்றவர் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டார்.

"யாரு, டயம் கீப்பர் சாரா? எனக்கு இன்னொரு ராஜினாமா எழுதணுமாக்கும்? இங்க வேலையே நூறு நாளுதான் சார், அதுவாவே முடிஞ்சிரும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். சாட்சி சொல்ல வர வேண்டும் என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"உங்களுக்கும் டீ வந்துச்சாமே?"

"எந்த டீ?"

"வீரணன் சொன்னான். டைம் ஆபீசுக்கு டீ போனாலே எங்களுக்கெல்லாம் வயிறு கலங்கும் சார். மெசினை விட்டு எட்டிப் பார்ப்போம், இன்னைக்கு யாருக்குன்னு. கடைசி டீன்னு அதுக்குப் பேரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நாற்பது முறை என் செலவில் வரவழைத்த டீ. எனக்குத் தெரியாது.

"அந்த டீயை நான் குடிக்கல சார். அப்படியே வச்சிட்டு வந்தேன். ஏடு கட்டிக் கெடந்துச்சு. நீங்க பாக்கல, நீங்க படிச்சுக்கிட்டு இருந்தீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வர்றேன். பஸ்ஸுக்குக் காசெல்லாம் வேண்டாம். ஆனா ஒண்ணு. என்னைப் போகச் சொல்லித்தான் போனேன்னு நான் சொல்லி என்ன ஆகப்போவுது? நீங்க சொல்லணும். கூண்டுல ஏறி, அந்த லெட்டரு பொய்யின்னு உங்க வாயால சொல்லணும். சொல்லுவீங்களா?"

"உண்மைக்குப் புறம்பானது என்று குறிப்பிடுவேன்" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். பொய்யின்னு சொல்லணும்."

நான் தலையசைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை.

குறுக்கு விசாரணை நாள், 2019 சனவரி இருபத்தொன்பது. நிர்வாகத்தின் வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசுவார். என் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆம்."

"வாசகமும் உங்களுடையதுதானே? யாரும் சொல்லி நீங்க எழுதலையே?"

"என் சொந்த நடை" என்றேன். பழக்கதோஷம்.

அவர் புன்னகை செய்தார். "நல்ல நடை. 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி.' இந்த வாக்கியம் உண்மையா, பொய்யா?"

"ஐயா, அந்த வாக்கியத்தின் பின்னணியைச் சற்று விரிவாக எடுத்துரைக்க..."

"ஒரே சொல்லுல."

"சூழ்நிலையின் நிர்ப்பந்தத்தால்..."

நீதிபதி தலை தூக்கினார். "உண்மையா பொய்யான்னு கேக்கிறாரு. அதை மட்டும் சொல்லுங்க."

வெளியே தாழ்வாரத்தில் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. அவர் கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மெஷினை விட்டு எட்டிப் பார்ப்போம் என்று சொன்னாரே, அப்படி. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தேன். பிடித்த பிடியை இன்னும் இறுக்கினேன்.

"பொய்" என்றேன்.

நிர்வாகத்தின் வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர் போல, நாங்கள் சான்றாகக் கொடுத்திருந்த என் நோட்டை மேஜையிலிருந்து எடுத்தார். "இதுல இருக்கிற நாப்பது கடிதம்?"

"பொய்."

"ஆக, நாப்பத்தோரு தடவை கையெழுத்தாலே பொய் எழுதின மனுஷன், இன்னைக்கு இந்தக் கூண்டுல மட்டும் நிஜம் பேசுறாரு. அப்படித்தானே?"

வக்கீலம்மா எழுந்து ஆட்சேபம் சொன்னார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நீதிபதி கடிதத்தையும் நோட்டையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நோட்டுல கோடு போட்ட மாதிரி நேரா எழுதியிருக்கீங்க. இந்தக் கடிதத்துல மட்டும் வரியெல்லாம் ஏன் கீழே இறங்குது?"

"நின்றுகொண்டு எழுதினேன், ஐயா."

"ஏன் நின்னுக்கிட்டு?"

"நாற்காலி இல்லை."

"டைம் ஆபீசுல நாற்காலி இல்லையா?"

"எடுத்துவிட்டார்கள்."

"எப்போ?"

சொன்னேன். நீதிபதி கேட்கக் கேட்க, நானும் சொல்லிக்கொண்டே போனேன். நாற்காலி. பதிவேடு. சிவப்பு விளக்கு. குழம்பில் விட்ட கரண்டி. ஒடிசா. எல்லாம் சிறு சிறு சொற்கள். என் வாழ்நாளில் நான் அத்தனை அலங்கோலமாகப் பேசியதில்லை. பேசி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நீதிபதி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு பேச்சித்தாய் வந்து ஒன்பது வாரத்து ஒன்பது பிரிவுகளையும் விரல்விட்டுச் சொன்னார். வீரணனும் வந்தான். வேலை போய்விடும் என்று தெரிந்தும் வந்தான். டீயைப் பற்றிச் சொன்னான்.

தீர்ப்பு வர மூன்று ஆண்டுகள் ஆயின. நடுவில் கொரோனா வந்து நீதிமன்றத்தையே பூட்டிப் போட்டார்கள். 2022 மார்ச் பதினேழு, வியாழக்கிழமை, நான் ராஜினாமா செய்யவில்லை, என்னை நீக்கினார்கள் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் எனக்கு ஓய்வு வயது கடந்துவிட்டது. ஓய்வு நாள்வரை பணியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். தீர்ப்பில் ஒரு பத்தி முழுவதும் என் கடிதத்தைப் பற்றியது. என் வாக்கியத்தை அப்படியே, மேற்கோள் குறிக்குள், ஒரு சொல் குறையாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

அன்று மகிழ்ச்சியில், நீதிமன்ற வாசலில் பேச்சித்தாய்க்கு ஒரு டீ வாங்கி நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க கையால டீ வேண்டாம் சார். எனக்கு இன்னும் முடியல."

உண்மைதான். வேலை போன மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடு முடிய ஏழு மாதம் இருந்தபோது, என் சாட்சியத்தை வைத்து அவரும் வழக்குப் போட்டிருந்தார். மெஹருன்னிசா அம்மாதான் நடத்தினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போனேன். கூண்டில் ஏறி, பெயர், தந்தை பெயர், வயது சொல்லி, இந்த அம்மாளுக்கு நான் எழுதிய இருபத்தாறு வரியும் பொய் என்று சொன்னேன். இரண்டாம் தடவை அந்தச் சொல் எளிதாக வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை, அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

திண்டுக்கல் வந்துவிட்டது. அதோ மலைக்கோட்டை தெரிகிறது. நடத்துநர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். இதோ பேனா, வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து தங்களுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டாம் வரிக்கு வந்ததும், அதை எனக்குக் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படியுங்கள். படித்த பிறகு கை எழுதுமானால் எழுதட்டும். எழுதாவிட்டால், தங்கள் அலுவலகத்தில் நடந்ததை நடந்த வரிசையில் ஒரு தாளில் எழுதித் தொழிலாளர் அலுவலரிடம் கொடுங்கள். நடை நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதை நான் சொல்கிறேன்.

என்ன, ஏன் எழவில்லை? இறங்கவில்லையா? சரி, கூட்டம் இறங்கட்டும். அந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சித்தாய்க்கும் தீர்ப்பு வந்தது. வெளியே வந்ததும் அவர் நேராக டீக்கடைக்குப் போய் இரண்டு டீ சொன்னார். ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். எனக்கு உடனே வாங்க முடியவில்லை, ஐயா. ஒரு டீயைக் கண்டு எனக்கு வயிறு கலங்கியது. அவர் சிரித்தார். "குடிங்க சார். இதுக்குக் கையெழுத்தெல்லாம் போட வேண்டாம்" என்றார். குடித்தேன். அவரும் குடித்தார். சட்டப்படி என் விவகாரம் முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது என்பார்கள். தீர்ப்பு நகலிலும் அப்படித்தான் இருக்கும். நான் கணக்கில் கொள்வது அந்த நாளை அல்ல. என் விவகாரம் தீர்ந்த நாள் சோபகிருது ஆண்டு, ஆடித் திங்கள் இருபத்து நான்காம் நாள், ஆங்கிலத்துக்கு 2023 ஆகஸ்ட் ஒன்பது, புதன்கிழமை.